சம்மட்டி ஓசையும் ஒரு சின்னப் பரிசும்

மாப்பிள்ளை மாமனாருக்குப் பரிசு வாங்கிக்கொண்டு போவது நம் நாட்டில் அபூர்வமான சம்பவம். வழக்கமாகப் பொருள்கள் எதிர்த்திசையிலேதான் பிரயாணம் செய்யும். ஆகையால், சென்ற ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் நாமும் நம் மனைவியும் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் புறப்பட்டபோது, நம்மிடம் நல்லெண்ணம் இருந்ததே தவிர அனுபவம் சிறிதும் இல்லை. உபாத்தியாயர் சம்பளத்தில் பரிசுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையும் அதிகமில்லை.

நம் மாமனார் கீரமங்கலத்துப் பக்கத்து விவசாயி. எழுபது வயது நிரம்பியவர். பட்டு வேஷ்டி கொடுத்தால் பெட்டியில் வைப்பார். கைக்கடிகாரம் கொடுத்தால் பேரனுக்குக் கட்டிவிடுவார். வாழ்நாளில் அவர் ஆசையோடு கையில் எடுத்தவை மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை ஆகிய மூன்றுதான். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கரையேறிய கஜா புயல், அந்தச் சீமையிலும் தஞ்சைப் பக்கத்திலும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அவருடைய தோப்பும் விடிவதற்குள் தரையோடு படுத்துவிட்டது. பிறகு புதுக் கன்றுகள் வைத்தார்; அவை காய்க்கவும் தொடங்கிவிட்டன. ஆனால் அவருடைய பழைய உற்சாகம் மட்டும் திரும்பவில்லை. தோப்பு வேலையெல்லாம் கூலியாட்கள் பொறுப்பாயிற்று. மண்வெட்டி கொட்டகை மூலையில் துருவேறிக் கிடக்கிறதென்று மாமியார் தொலைபேசியில் சொல்லி வருந்தினார். கை ஓய்ந்தால் மனிதரும் ஓய்ந்துவிடுவாரே என்பது அந்த அம்மாளின் பயம். அது மகளையும் பற்றிக்கொண்டது. நம் பிரயாணத்தின் காரணம் இதுவே.

கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள் தென்படுகின்றன. 1948-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனில் இணையும் வரையில் இது தனிச் சமஸ்தானம். திருக்கோகர்ணத்தில் 1910-ல் ஏற்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அம்மன் காசைப் பற்றி அவசியம் கேட்டறிய வேண்டும். ஒரு புறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். ஓர் அணாவுக்கு இருபது காசு என்ற அற்ப மதிப்புள்ள செப்புக் காசு அது. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அதையும் சமஸ்தானத்தார் வழங்கினார்கள். சமஸ்தானம் போய்விட்டது, காசு மட்டும் இன்னும் பல வீடுகளில் பூஜைப் பெட்டியில் இருக்கிறது. பரிசின் மதிப்பு விலையில் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? நம் பணப்பையைத் தொட்டுப் பார்த்துச் சற்றே தைரியம் அடைந்தோம்.

கடைத்தெருவில் ஒரு வியாபாரி பளபளக்கும் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். அதற்குள் திருகுகளும் குறடுகளும் வரிசையாகத் தூங்கின. விலையைக் கேட்டோம்; பெட்டியை மூடச் சொன்னோம்.

புதுக்கோட்டைக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டை இருக்கிறது. 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்த அந்த வட்டாரத்தில், முற்காலத்தில் இரும்பு உருக்கிய அடையாளங்களும் உண்டு. இரும்போடு இவ்வளவு பழமையான சிநேகமுள்ள சீமையில் ஒரு நல்ல கொல்லர் அகப்படாமலா போவார் என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினோம். ஆலங்குடியை நெருங்கும்போது மண் சிவந்தது. சாலையோரப் பட்டறை ஒன்றிலிருந்து சம்மட்டி ஓசை கேட்டது.

கரி உலையில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை பழுத்துக்கொண்டிருந்தது. அதுதான் அரிவாளாகப் போகிறதாம். பெரியவர் குறடால் பிடிக்க, மகன் அடித்தான்.

“நல்ல மண்வெட்டி ஒன்று வேண்டும்” என்றோம்.

“யாருக்கு?” என்றார் பெரியவர். “ஆள் என்ன உயரம்? குனிஞ்சு வெட்டுவாரா, நிமிர்ந்து வெட்டுவாரா? எந்தக் கை முன்னால போகும்?”

நாம் மனைவியைப் பார்த்தோம். மனைவி நம்மைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவர் வீட்டில் விருந்துண்கிறோம். அவர் எந்தக் கையை முன்னால் வைத்து வெட்டுவார் என்பது நமக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்கும் தெரியவில்லை. வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளைகளின் வேதனை அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

பெரியவர் சிரித்தார். “புதுசு வேணாம், வாத்தியாரய்யா. அவர் புழங்கின மம்பட்டியைக் கொண்டாங்க. தேஞ்ச இலையில எஃகு வச்சு அடிச்சுத் தர்றேன். கணை எந்த இடத்துல தேஞ்சிருக்குன்னு பார்த்தா, அவர் கை எனக்குத் தெரிஞ்சுபோகும்.”

மைத்துனர் அன்றே மண்வெட்டியை இரகசியமாகக் கொண்டுவந்து சேர்த்தார். மெழுகாகத் தேய்ந்திருந்த கணையைப் பெரியவர் விரலால் தடவினார். “இடது கை முன்கை” என்றார். நம் மனைவியின் கண் கலங்கிவிட்டது.

மீதியிருந்த பணத்தில் ஓர் அரமும் சாணைக்கல்லும் வாங்கினோம். நேயர்களின் வீட்டிலும் தோட்டப் பித்துள்ளவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்குக் கொடுக்கக் கவாத்துக் கத்தரி, களைக்கொத்து, இரவில் நீர் பாய்ச்சத் தலையில் கட்டும் விளக்கு எல்லாம் பொருத்தமானவை. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி நிலையம் அவ்வூர்ப் பெயராலேயே உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அந்த விதை ஒரு பொட்டலம் கொடுத்தாலும் மகிழ்வார்கள். 2018-ல் காலமான சேந்தன்குடி ‘மரம்’ தங்கசாமி, விசேஷங்களுக்கு மரக்கன்றுகளையே பரிசாகக் கொடுத்து வந்தார். இவற்றுள் எதுவும் வீட்டுச் செலவைப் பாதிக்காது. ஆனால் வாங்குவதற்கு முன் அந்த மனிதரின் கையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆயுத பூஜையன்று மண்வெட்டி சந்தனம், குங்குமத்தோடு மற்றக் கருவிகளின் நடுவே வீற்றிருந்தது. மாமனார் வெகுநேரம் அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாதல்லவா? நமக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

விஜயதசமி காலையில் தோப்பிலிருந்து மண் வெட்டும் ஓசை கேட்டு ஓடினோம். இடது கை முன்னால் இருந்தது.

“கணை ஒரு விரற்கடை நீளம், மாப்பிள்ளை” என்று குறை சொன்னார் மாமனார். “மத்தபடி பரவாயில்லை. சும்மா நிக்காம அந்தக் களைக்கொத்தை எடுங்க; தென்னைக்குப் பாத்தி ஒழுங்கு பண்ணணும்.”

பத்து மணிக்குள் நம் உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள் கிடைத்தன. பொருள்கள் வழக்கமான திசைக்கே திரும்பிவிட்டன என்று அறிந்து மகிழ்ச்சியடைந்தோம்.