தேர்த் திருவிழா விண்ணப்பம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முதுமொழி. ஊரே பல ஊர்களுக்குக் கலைந்து சென்றபின் தேரை இழுப்பது எவ்வாறு? பாலக்காட்டுக் கல்பாத்தியின் ரதோற்சவத்திற்கு ஆண்டுதோறும் பொருளுதவி வேண்டி விண்ணப்பம் எழுதும் அன்பர்களோடு அமரும்போதெல்லாம் இவ்வினா என்முன் எழுகின்றது.

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலே ஒரு கொடையால் எழுந்தது. லட்சுமியம்மாள் காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்து, 1425ஆம் ஆண்டையொட்டி, பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசுகளை ஒப்படைத்தார் என்பது கோயில் மரபு. கொடுத்தவர் பெயரோடு கொடுத்த தொகையையும் இத்தனை நூற்றாண்டுகள் மறவாத ஊர், கணக்கைப் போற்றிய ஊர் அன்றோ! ஆதலின் விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் சென்ற ஆண்டின் வரவு செலவே நிற்க வேண்டும். வேண்டுகோள் அதன் பின்னரே.

பிற சமயத்தார் வழக்கத்தை அறிவதும் பயன்தரும். அமெரிக்க யூதர் தொழுகைக்கூடங்கள் பலவற்றில் யோம் கிப்பூர் என்னும் நோன்புத் திருநாளையொட்டி ஆண்டு விண்ணப்பம் செய்யப்படுகின்றது. அந்நாளில் எழுதுவதும் பணத்தைக் கையாளுவதும் அவர்கள் மரபில் விலக்கு. ஆகவே பல தொகைகள் அச்சிட்ட அட்டையை ஒவ்வொருவருக்கும் கொடுக்கின்றனர். தாம் தர விரும்பும் தொகைக்குரிய மடிப்பை மடித்துக் கொடுத்தால் போதும். எவ்வளவு எளிய, நாகரிகமான ஏற்பாடு!

அதே யூதர் வரலாறு நம் அண்டையிலேயே வேறொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் அழகு குன்றாமல் நிற்கின்றது. சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் உள்ள கூடங்களை அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகங்களாக்கியது. ஆனால் 1948இல் இஸ்ரேல் தோன்றியபின் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். மரபுவழிக் கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். உள்ளூரில் அப்பதின்மர் இன்று இல்லை. கட்டடத்தைக் காக்கப் பொருள் போதும். வழிபாட்டைக் காக்க ஆள் வேண்டும்.

கல்பாத்திக்கு அந்நிலை வரவில்லை, வரவும் கூடாது. எனினும் நான்கு கிராமங்களின் பிள்ளைகளும் சென்னை, மும்பை, கடல்கடந்த நாடுகள் எனப் பரவியுள்ளனர். ஐப்பசி இறுதியில் மூன்று நாள் தேரோட்டம். மூன்றாம் நாள் மாலையில் தேர்முட்டியில் தேர்கள் சங்கமம். அத்தேர்களுக்கு நன்கொடைச் சீட்டு வடமாகாது.

ஆகவே விண்ணப்பத்தை ஆவணி முடியுமுன் அனுப்பிவிட வேண்டும் என்பது என் கருத்து. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறப்பதால், அப்போது கடிதம் கிடைத்தவரே பயணத்தைத் திட்டமிட இயலும். புதிய வடம், சக்கரம் பழுதுபார்த்தல், பூ, நாதசுரம், அன்னதானம் எனச் செலவினங்களைத் தனித்தனியே காட்டினால், சிறுதொகை அனுப்புபவரும் தம் பங்கு எதுவெனக் கண்டுகொள்வர். தொகையின் பெருமைக்கேற்பப் பெயர்களை வரிசைப்படுத்துதல் ஆகாது; அகரவரிசையே போதும். இறுதியில் இரண்டு கேள்விகள் இருக்கட்டும்: எந்த நாள் வருகிறீர்கள்? உடன் வரும் குழந்தைகள் எத்தனை பேர்?

என் தந்தையார் மும்பையில் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் மணியார்டர் அனுப்புவார். சில வாரங்களில் ரசீதும், விபூதி குங்குமப் பொட்டலமும் தபாலில் வரும். நெற்றியில் இட்டுக்கொண்டபின், எந்தத் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என அவர் எங்களுக்கு விரலால் தரையில் வரைந்து காட்டுவார். கல்பாத்தியைக் காணுமுன்னரே அதன் தெருக்களை யான் அறிந்தது அவ்வாறுதான்.

இன்று பணம் நொடிப்பொழுதில் சென்று சேர்கின்றது. ரசீதும் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றது. தரையில் தெருவை வரைந்து காட்டும் கடமை மட்டும் பெற்றோரிடமே இருக்கின்றது. இவ்வாண்டு விண்ணப்பம் வந்ததும் தொகையை அனுப்புமுன் குழந்தைகளை அருகழைத்து அதனை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.