ஆறு படி

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில எனக்கு கேன்சர் வந்தது. பயந்துடாதீங்க, பத்து நிமிஷத்துக்குத்தான்.

மயிலாப்பூர்ல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். "மாமா, பரீட்சைக்குப் பழகணும். நீங்க பேஷண்டா நடிங்க, மாமி உங்க சொந்தக்காரங்களா இருக்கட்டும்"ன்னு வந்து நின்னாள். கெட்ட சேதியை நோயாளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாடமாம். "இதுக்கெல்லாமா பாடம்?"னு சிரிச்சேன்.

விடலையே அவள்! 2019-ல் சேர்ந்தவர்களில் இருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே 'ஏட்காம்' என்று ஒரு பகுதி இருக்கிறதாம். மனப்பான்மை, நெறிமுறை, பேச்சு மூணும் அதில் அடக்கம். பயிற்சி பெற்ற ஆட்களை நோயாளியாக நடிக்க வைத்துக் கற்பிப்பதை, 1963-லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்கிற நரம்பியல் டாக்டர் ஆரம்பிச்சுட்டார். 1975-ல் ஸ்காட்லாந்தில், டண்டி நகரத்து ரொனால்ட் ஹார்டன் அந்த மாதிரி திறமைகளைச் சோதிக்க ஒரு புதுத் தேர்வு முறையைக் கொண்டு வந்தார். மாணவர்கள் மேஜை மேஜையா நகரணும், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் அளவுகோல். அதே 1975-ல் நம்ம புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கே கற்பிக்கக் கற்றுக்கொடுக்கும் மையம் வந்தாச்சு. வாத்தியாருக்கே பாடம்!

அப்புறம் 2000-ல் வந்த 'ஸ்பைக்ஸ்' முறை. மொத்தம் ஆறு படி. தனி இடம் பார்த்து உட்காரணும். நோயாளிக்கு என்ன தெரியும்னு கேக்கணும். எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு கேக்கணும். எளிமையா சொல்லணும். அழுதா அழ விடணும். கடைசியா, அடுத்து என்னன்னு சேர்ந்து பேசணும்.

முதல் படியிலேயே என் சிரிப்பு நின்னு போச்சு.

2004. அப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம் (பேர் வேண்டாம்). லிஃப்ட் வாசல்ல, கையில் ஃப்ளாஸ்க்கோட நின்னுட்டிருந்தேன். இளவயசு டாக்டர் ஒருத்தர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கிட்டே, "முத்திடுச்சு சார், மூணு மாசம்"னார். லிஃப்ட் வந்தது, போயிட்டார்.

ரொம்ப வருஷம் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப யோசிச்சா, அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பாங்க?

அதோட நான் மட்டும் என்ன செஞ்சேன்? ரூமுக்குப் போய், "வெறும் புண்ணுதான்ப்பா, ஆறிடும்"னேன். அப்பா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு, "பேங்க் லாக்கர் சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார். அவ்வளவுதான். மூணு மாசமும் ரெண்டு பேரும் நடிச்சே கழிச்சோம்.

மொட்டை மாடியில, மாமி நிஜ சொந்தக்காரி மாதிரியே கிசுகிசுத்தாள்: "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா." பொண்ணு தடுமாறினாள். நம்ம ஊர்ல இதையும் சேர்த்து ஏழாவது படியா வைக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "மாமி, அவருக்குத் தெரிஞ்சுக்கணுமான்னு அவரையே கேட்டுடறேனே?" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?"

அப்பாகிட்ட யாருமே கேக்காத கேள்வி. "சொல்லும்மா"ன்னேன். குரல் உடைஞ்சிடுச்சு. நான் நல்லா நடிக்கிறதா அவள் நினைச்சுக்கிட்டாள். நினைச்சுக்கட்டும்.