"தடம் பாத்தது யாரு சாமி?" - ஒரு வேட்டைப் படமும் மேல்மலையனூர் அமாவாசையும்

2019 ஜூலையில் வைரலான ஒரு போட்டோ உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். செத்துக் கிடக்கும் ஒரு சிங்கம். அதற்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு கணவனும் மனைவியும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கனடாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைச் சுற்றுலா போன தம்பதி. அழைத்துப்போன நிறுவனமே பெருமையாக ஃபேஸ்புக்கில் போட்டு, உலகம் முழுக்க வசவு வாங்கியது.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களை அந்த மாதிரிப் படங்கள் விடாது. யாராவது ஒருவர் நேற்று நடந்ததுபோல ஷேர் செய்வார். பழசா, புதுசா, எந்த நாடு என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. இந்த முறை அது கைக்கு வந்தபோது, இப்படி ஒரு பயணம் எப்படித்தான் நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

கல்யாண மண்டப பேக்கேஜ் மாதிரிதான் இருக்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் நாள் வாடகை. அதற்கு மேல், சுடும் ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித்தனி விலைப்பட்டியல். இம்பாலா மானுக்கு ஒரு விலை, வரிக்குதிரைக்கு ஒரு விலை, எருமைக்கும் சிங்கத்துக்கும் யானைக்கும் எங்கேயோ இருக்கும் ஒரு விலை. கூட வரும் மனைவியோ கணவனோ சுடவில்லை என்றால் 'பார்வையாளர்' கட்டணம், அது கொஞ்சம் குறைவு. குண்டு பட்டு, மிருகம் தப்பி ஓடிவிட்டாலும் முழுப் பணமும் கட்ட வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் கணக்கு முடிந்தது.

விடியற்காலையில் ஜீப் கிளம்பும். பக்கத்தில் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் இருப்பார். அவருக்கும் முன்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், தடம் பார்ப்பவர். காய்ந்த புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாணம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று எல்லாம் அவர்தான் சொல்வார். மிருகம் கண்ணில் பட்டதும் மூன்று கால் உள்ள கழி ஒன்றை நட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துக் கொடுப்பார்கள். விருந்தாளி விசையை அழுத்துவார்.

அதற்குப் பிறகு போட்டோ. ரத்தத்தைத் துடைப்பார்கள். வெளியே தொங்கும் நாக்கை உள்ளே தள்ளுவார்கள். தலையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, உயிரோடு படுத்திருப்பதுபோல வைப்பார்கள். தடம் பார்த்தவரும், தோல் உரிக்கப்போகிறவரும் கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். தோலும் கொம்பும் உப்புப் போட்டு, பதப்படுத்தி, ஏற்றுமதி அனுமதியோடு மாதக்கணக்கில் கழித்து அந்தத் தம்பதியின் வரவேற்பறைக்குப் போய்ச்சேரும்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நமீபியாவில் 1996-ல் வந்த சட்டம், கிராம மக்கள் ஒன்றுகூடித் தங்கள் பகுதி வனவிலங்குகளை நிர்வகிக்க உரிமை கொடுத்தது. வேட்டைக் கட்டணம் கிராம அமைப்புக்குப் போகும், கறி ஊராருக்கு. 2014-ல் ஒரே ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. காண்டாமிருகப் பாதுகாப்புக்கு அந்தப் பணம் என்றார்கள். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. போட்ஸ்வானா 2014-ல் தடை போட்டது, 2019-ல் எடுத்தது. யானை வயலை மிதிக்கும் ஊரில் இருப்பவருக்கு ஒரு நியாயம், தொலைவில் போனில் பார்ப்பவருக்கு ஒரு நியாயம். 2015-ல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற 13 வயது சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அம்பெய்து கொன்றபோது உலகமே அழுதது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்த சிங்கம் அது. அவர் கொடுத்ததாகச் செய்திகளில் வந்த தொகை சுமார் 50,000 டாலர்.

"என்ன ஜனங்கப்பா இவங்க" என்று கமென்ட் போடுவதற்கு முன்னால் நம் ஊர்க் கதையையும் பார்த்துவிடுவோம்.

1961 ஜனவரி. எலிசபெத் மகாராணியும் கணவர் பிலிப்பும் இந்தியா வந்திருந்தார்கள். ஜெய்ப்பூர் மகாராஜா அவர்களை ரந்தம்போர் காட்டுக்கு வேட்டைக்கு அழைத்துப்போனார். பிலிப் ஒரு புலியைச் சுட்டார். செத்த புலியைத் தரையில் கிடத்தி, பின்னால் மகாராணி, பிலிப், மகாராஜா, அவர் மனைவி காயத்ரி தேவி என்று எல்லோரும் நிற்கும் படம் இன்றும் கிடைக்கிறது. அதே ஆண்டில்தான் உலக வனவிலங்கு நிதியத்தின் பிரிட்டன் பிரிவுக்கு பிலிப் தலைவரானார். (அந்தக் காலத்தில் இதில் முரண் இருப்பதாக நிறைய பேருக்குத் தோன்றவில்லை.)

ராஜாக்களோடு நின்றுவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1950, 60-களில், டாலர் கொண்டுவரும் வெளிநாட்டுக்காரர்களைப் புலி வேட்டைக்கு அழைத்துப்போகும் கம்பெனிகள் இங்கே இருந்தன. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வனத்துறையே வேட்டை அனுமதி கொடுத்தது. தலையைப் பாடம் செய்து அனுப்ப மைசூரில் வான் இங்கன் என்ற புகழ்பெற்ற கடை இருந்தது. இன்றைய ஆப்பிரிக்க பேக்கேஜில் இருப்பதெல்லாம் அன்றைய இந்தியாவில் இருந்தது.

1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,827 புலிகள்தான் என்றார்கள். அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1991-ல் வந்த திருத்தம், மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் எடுத்துவிட்டது. நல்ல சட்டம். அது இல்லாவிட்டால் புலியை நாம் படத்தில்தான் பார்த்திருப்போம். மகாராஜாக்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு அரண்மனையை ஹோட்டல் ஆக்கினார்கள். கம்பெனிகள் வேறு தொழிலுக்குப் போயின. காட்டையும் கொல்லைமேட்டையும் மட்டுமே நம்பி வயிறு கழுவியவர்கள் எங்கே போனார்கள்?

எங்கள் ஊருக்கு வந்தார்கள் என்பது ஒரு பதில். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை ராத்திரி போயிருக்கிறீர்களா? ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊரே பஸ் ஸ்டாண்டாக மாறிவிடும். எலுமிச்சம்பழம், குங்குமம், சுண்டல், பொரி என்று போகும் கடை வரிசையின் கடைசியில், வெளிச்சம் குறைகிற இடத்தில், பிளாஸ்டிக் சாக்கை விரித்துப் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு தாத்தா பாட்டியைச் சின்ன வயசிலிருந்து எனக்குப் பழக்கம். போன அமாவாசைக்கு ஊருக்குப் போனபோது, கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

தாத்தா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எம்மாம் பெரிய தல சாமி. தடம் பாத்தது யாரு?"

அந்த ஊர்க்காரர், படத்தில் இல்லை என்றேன். தெரிந்த விஷயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். பாட்டிக்கு வேறு கவலை.

"கறிய என்னா பண்ணாங்க?"

"சிங்கக் கறி திங்க மாட்டாங்க பாட்டி. மான், எருமை எல்லாம்னா ஊர்க்காரங்களுக்குக் கொடுப்பாங்களாம்."

"திங்காததை எதுக்குச் சுடணும்?"

காசு கொடுத்துச் சுடுகிறார்கள் என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். அந்தப் பல் மருத்துவர் கதையைச் சொல்லி, இன்றைய கணக்குக்கு 40 லட்சத்துக்கு மேல் வரும் என்றேன். இரண்டு பேரும் தங்களுக்குள் வாக்ரிபோலியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். குஜராத்தி, மராத்தி சாயலில் இருக்கும் மொழி அது, எழுத்து கிடையாது. பிறகு பாட்டி எனக்காகத் தமிழில் சொன்னார். "நரியப் புடிச்சா கொல்லக்காரரு எங்களுக்குக் காசு குடுப்பாரு. இவுங்க காசும் குடுத்துட்டுக் கொல்றாங்களா?"

அவர்களும் சேர்ந்தே வேட்டைக்குப் போன தம்பதிதான். கல்யாணமான புதுசில் தாத்தாவிடம் நாட்டுத் துப்பாக்கி, பாட்டி தோளில் வலையும் கண்ணியும் பையும். மல்லாட்டை அறுவடைக்கு முன்னால் கொல்லைக்காரர்களே ஆள் விட்டுக் கூப்பிடுவார்களாம். கவுதாரி மாதிரிக் குரல் கொடுத்தால் கவுதாரி பதில் சொல்லும், எந்தப் புதர் என்று தெரிந்துவிடும். நரி மாதிரி ஊளையிட்டால் நரி வரும். எனக்காக மெதுவாக ஒருமுறை கவுதாரிக் குரல் கொடுத்துக் காட்டினார். பக்கத்து வளையல் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். குட்டியோடு இருப்பதைத் தொட மாட்டோம் என்றார். எல்லோரும் அப்படி இருந்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நரிக்கொம்பு என்று சொல்லி விற்றதெல்லாம் என்ன கணக்கு என்றும் கேட்டேன். நரிக்கு ஏது கொம்பு? தாத்தா சிரித்து மழுப்பிவிட்டார்.

சட்டம் பற்றி யாரும் வந்து அவர்களிடம் சொல்லவில்லை. முயலோடு பிடிபட்ட சொந்தக்காரர் ஒருவர் அபராதம் கட்ட முடியாமல் உள்ளே போனபோதுதான் தெரிந்ததாம். உரிமத்தைப் புதுப்பிக்க அலைந்து அலைந்து, கடைசியில் தாத்தா துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பதிலாக நிலமோ வேலையோ எதுவும் வரவில்லை. ஊசியும் பாசியும்தான் கைக்கு வந்தன. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். வனவிலங்குச் சட்டம் வந்து அப்போது 50 வருஷம் ஆகியிருந்தது. பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, அதைப் பையிலேயே வைத்திருக்கிறார் பாட்டி.

தங்கள் முன்னோர் சிவாஜி படையோடு வந்தவர்கள் என்று நரிக்குறவர்களில் பலர் சொல்வார்கள். 1677-ல் செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி பிடித்தார். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவத் தலங்கள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிராவுக்கு வெளியே இடம்பிடித்தது எங்கள் செஞ்சி மட்டும்தான். அதைச் சொன்னதும் தாத்தா, "அப்போ கோட்ட எங்களுதுதான். சாவி எங்க?" என்றார்.

வேட்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு காட்டுப்பன்றிக்கு வந்தது. மல்லாட்டையும் கரும்பும் போட்டவர்களுக்குப் பன்றித் தொல்லை தெரியும். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையில் பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். இதை விளக்கிச் சொன்னேன். தாத்தாவின் கேள்வி முன்பு கேட்டதேதான்.

"சுடறது சரி. தடம் பாக்கறது யாரு?"

ஆப்பிரிக்காவில் இந்தக் கேள்வியைக் கோர்ட் வரைக்கும் கொண்டுபோன ஜனங்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். சான் மக்கள். கலஹாரி பாலைவனத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்தவர்கள், தடம் பார்ப்பதில் உலகிலேயே பெயர் பெற்றவர்கள். மத்திய கலஹாரி காப்புக்காட்டிலிருந்து போட்ஸ்வானா அரசு 1997-லும் 2002-லும் அவர்களை வெளியேற்றியது. ராய் செசானா என்பவர் முன்னே நிற்க, மக்கள் வழக்கு போட்டார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு. அங்கே வாழ அவர்களுக்கு உரிமை உண்டு, வேட்டை அனுமதி மறுத்ததும் சட்டவிரோதம் என்று மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அனுமதிச் சீட்டு வந்து சேரவில்லை. 2014-ல் நாடு முழுக்க வேட்டைத் தடை வந்தபோது ஒரு விலக்கு இருந்தது. தனியார் வேட்டைப் பண்ணைகளில் காசு கட்டிச் சுடலாம். கறிக்காக வேட்டையாடிய சான் மக்களுக்கு அந்த விலக்கு கிடையாது. பக்கத்து நாடான நமீபியாவில், நயே நயே என்ற பகுதியில் மட்டும் சான் மக்கள் வில் அம்போடு வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பாட்டி மணிகளைப் பைக்குள் போட ஆரம்பித்திருந்தார். விடிய இன்னும் நேரமிருந்தது, சென்னைக்கு முதல் பஸ்ஸுக்கு ஆட்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த சான் ஜனங்களின் படம் இருக்கிறதா என்று தாத்தா கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் தோல் துண்டோடு, மணலில் குந்தி எதையோ விரலால் தொட்டுப் பார்க்கும் ஓர் ஆள்.

இந்த முறை போனைக் கிட்டே கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவரு காத்துக்கு எதிர்ப்பக்கமா உக்காந்திருக்காரு பாரு" என்று பாட்டியிடம் போனை நீட்டினார். "கோர்ட்டுக்குப் போன ஆளு பேரு என்னா சொன்ன சாமி?"

சொன்னேன். செசானா, செசானா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.