தற்காலிக கேப்

நம் வயதில் பல்லுக்கு கேப் போடாதவர் குறைவு. பல்லைச் செதுக்கி அளவெடுத்தபின், நிரந்தர கேப் தயாராகும்வரை அக்ரிலிக்கில் தற்காலிகமாக ஒன்றை ஒட்டுவார்கள். எனக்கு ஒட்டியதும் வாயெல்லாம் கிராம்பு வாசனை! பசையில் இருப்பது கிராம்பு எண்ணெயின் யூஜெனால்தானாம். பல்வலிக்கு அப்பத்தா வைத்து அழுத்திய அதே கிராம்பு.

நாலாம் நாள் இட்லி சாப்பிடும்போது கழன்றுவிட்டது. "வலிக்கலையே, தீபாவளி முடியட்டும்" என்றாள் வீட்டுக்காரி. சிவகாசிப் பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதிய நண்பரும் சீசன் முடியட்டும் என்றுதான் விட்டார். பக்கத்துப் பல் சாய்ந்து, மேல்பல் இறங்கி, வந்த கேப் உட்காரவில்லை. மறுபடி அளவு, மறுபடி செலவு.

கழன்றதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அன்றே பஸ் ஏறினேன். திரும்ப ஒட்டிய டாக்டர் விருதுநகர் பொரிச்ச பரோட்டாவுக்கும் சாத்தூர் சேவுக்கும் தடை போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.