பொறுமையும் மருந்தும்

நோயைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று நம் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. எதைப் பொறுப்பது, எதுவரை பொறுப்பது என்று அறியாமல் பொறுத்திருந்து, பின்னர் எந்த மருந்தாலும் மீட்க இயலாத இழப்புக்கு ஆளானவர்களை நாம் கண்டிருக்கிறோம். எட்டு ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்ந்துவரும் நாம், அந்நோய் நமக்குக் கற்பித்த பாடத்தைக் காவேரிப்பாக்கத்திலிருந்து பங்குக் குடும்பங்களுக்கு எழுத விரும்புகிறோம்.

வாதம் என்ற ஒரே சொல்லால் நம் மக்கள் பல நோய்களைக் குறிப்பிடுகிறார்கள். வயது முதிர்ந்தபின் முழங்கால் தேய்ந்து வலிப்பது ஒன்று. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் முற்றிலும் வேறானது. ஆங்கில மருத்துவர் ஆல்பிரட் காரட் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்நோய்க்கு இப்பெயரை வழங்கினார். நூறு பேரில் சற்றுக் குறைய ஒருவரை இது பற்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. கிருமிகளை எதிர்க்கவென்று உடலில் அமைந்திருக்கும் எதிர்ப்பாற்றல், ஊரைக் காக்க நிறுத்திய காவற்படை தன் ஊர் வீடுகளையே இடிப்பதுபோல, மூட்டின் உட்சவ்வையே பகையென்று கருதித் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது, அதற்கப்பால் எலும்பும் அரிக்கப்படுகிறது. நுரையீரலையும் கண்ணையும் இரத்தத்தையும்கூட இது விட்டுவைப்பதில்லை. இது முதுமையின் நோயும் அன்று. முப்பது வயதுத் தாய்மாரையும் பற்றக்கூடியது.

நமக்கு இது நாற்பத்தாறாம் வயதில் வந்தது. விடியற்காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. மடங்கிய விரல் நிமிராது. அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிடும். ஆறு மணிப் பூசைக்காக நான்கு மணிக்கே எழுந்து, வெந்நீரில் கைகளை ஊறவைத்து விரல்களை இளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பத்தைப் பிட்கையில் வலி. நற்கருணைப் பேழையின் சிறு சாவியைத் திருப்புகையில் வலி. பாத்திரத்தை உயர்த்துகையில் அது நழுவிவிடுமோ என்ற அச்சம். குருவுக்குக் கை என்பது வெறும் உறுப்பன்று. அபிஷேகம் பெற்ற கை அது. ‘இனி இந்தக் கைகளால் என்ன செய்வோம்?’ என்ற கேள்வி பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை.

மருந்தகத்தில் பணிபுரியும் கன்னியர் ஒருவர், நம்மோடு பேசிக்கொண்டிருக்கையில் நம் விரல்களின் கணுக்களைக் கண்டார். “சுவாமி, இரண்டு கையிலும் ஒரேமாதிரி வீங்கியிருக்கிறது. காலையில் எவ்வளவு நேரம் விறைத்திருக்கும்?” என்று வினவினார். ஒரு மணிக்கு மேல் என்றோம். அந்த வாரமே வேலூரில் மூட்டு வாத நிபுணரிடம் செல்ல வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் அவர் ஐயத்தை உறுதிப்படுத்தின. எலும்பு அரிக்கப்படுவதற்கு முன்னரே நாம் மருத்துவரை அடைந்தது அந்தச் சகோதரியின் கூரிய பார்வையால்தான்.

‘சில மாதம் தாமதித்தால் என்ன?’ என்று கேட்கக்கூடும். நம் ஊர் மக்களுக்கு ஏரியைக்கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் காவேரிப்பாக்கம் ஏரி, பாலாற்று நீரால் நிரம்பி நிற்கிறது. கரையில் ஓரிடத்தில் கசிவு கண்டால் அன்றிரவே மண்மூட்டை சுமந்து ஓடுகிறோம். ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பாருண்டோ? கரை உடைந்தபின் வெளியேறிய நீரை மீட்டுக் கொணர்வார் யார்? முடக்குவாதத்திலும் அப்படியே. தொடக்க மாதங்களில் அழற்சியை அடக்கினால் மூட்டு பிழைக்கும். அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை.

வலியைப் பற்றி வேலூர் மண் உலகுக்கு ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்தது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்தினார். அந்நோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியை உணரும் ஆற்றல் அற்றுப்போவதால், சுடும் பாத்திரத்தையும் கீறும் ஆணியையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயப்பட்டே அழிகின்றன என்று அவர் கண்டார். ஆகவே, வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த கொடை என்று உலகெங்கும் எடுத்துரைத்தார்.

நோயுற்ற முதல் ஆண்டில் இக்கருத்தை ஏற்க நமக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் மணிக்கட்டு எரிகையில், அதைக் கொடையென்று எவரால் கொண்டாட இயலும்? ஆனால் சிந்திக்கச் சிந்திக்க ஒன்று தெளிவாயிற்று. வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கும்படி பிராண்ட் கூறவில்லை. அவர் கண்ட வலி ஒரு செய்தி. அது மறுமொழியை எதிர்பார்க்கிறது. தீப்பற்றியதென்று மணி அடிக்கும்போது, மணியோசையைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருப்பது புண்ணியமாகுமா? ஓசை கேட்காதபடி மணியின் நாவைத் துணியால் சுற்றிவிடுவதுதான் அறிவாகுமா?

மணியின் நாவைச் சுற்றும் வேலையையே வலிமாத்திரைகள் செய்கின்றன. அவை வலியைத் தணிக்குமேயன்றி எலும்பின் அரிப்பைத் தடுப்பதில்லை. நெடுங்காலம் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயரற்ற பொட்டலங்களில் விற்கும் பொடிகளோ இன்னும் அஞ்சத்தக்கவை. மூன்றே நாளில் எழுந்து நடக்கவைக்கும் பொடி என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயுறுதல் வேண்டும். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் பிலிப் ஹென்ச் இந்நோயாளிக்கு முதன்முதல் கார்ட்டிசோன் செலுத்தியபோது, படுக்கையிலிருந்த பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும், நீடித்துக் கொடுத்தால் எலும்பு நைந்துபோவது, சர்க்கரை ஏறுவது, முகம் வீங்குவது ஆகிய தீங்குகள் விரைவில் புலப்பட்டன. மருத்துவர் அளவறிந்து, காலமறிந்து கொடுத்தால் அது மருந்து. யாரோ மறைத்துக் கலந்தால் நஞ்சு.

நோயை வேரில் அடக்கும் மருந்துகளுள் முதலிடம் பெறுவது மெதோட்ரெக்சேட். இதன் வரலாறு நமக்குப் பெருமை தருவது. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. புற்றுநோய்க்கென்று வந்த இம்மருந்தைச் சிறு அளவில் முடக்குவாதத்துக்கும் வழங்க 1988-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. இதை வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ண வேண்டும். அன்றாடம் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலால், வீட்டிலுள்ளோர் கிழமையை நாட்காட்டியில் குறித்துவைத்து, தாமே எடுத்துக் கொடுப்பது நலம். கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் இதை உண்ணலாகாது என்பதையும் மறக்கலாகாது.

இம்மாத்திரையும் துணை மருந்துகளும் நமக்குச் சில ஆண்டுகள் உதவின. பின்னர் வீக்கம் மீண்டும் தலைதூக்கியது. அப்போதுதான் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தை மருத்துவர் பரிந்துரைத்தார். இவ்வகைச் சிகிச்சைக்கு வழி திறந்தவர்கள், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் அவருடைய தோழர் மார்க் ஃபெல்ட்மனும். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுத்தால் நோய் அடங்கும் என்று கண்டு, 1992-இல் இலண்டனில் நோயாளிகளுக்கு அந்தத் தடுப்பு மருந்தை ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் அவ்வகை மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். நம் நாட்டில் அது சிறிய அச்சம் அன்று. நமக்கு அளிக்கப்படும் ரிடுக்சிமாப் வேறு வகையைச் சேர்ந்தது; இரத்தத்திலுள்ள பி அணுக்களைக் குறைப்பது. அமெரிக்காவில் 1997-இல் ஒருவகைப் புற்றுநோய்க்கும், 2006-இல் முடக்குவாதத்துக்கும் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2007-இல், ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தைத் தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்ததால் விலை இறங்கியது.

முதன்முறை செல்பவர்களின் அச்சம் நீங்கும்பொருட்டு, அந்நாள் எவ்வாறு கழிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். மஞ்சட்காமாலைக் கிருமியும் காசநோயும் உள்ளனவா என்று முன்னதாகவே பரிசோதிப்பார்கள். தடுப்பூசிகள் தேவைப்பட்டால் அவற்றையும் முன்னரே போடுவார்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று மருந்தேற்றுவதை ஒத்திவைப்பார்கள். ஏற்றும் நாளில் நடுக்கம், அரிப்பு முதலியன வராதிருக்க முதலில் ஒரு மாத்திரையும் ஊசியும் தருவார்கள். பின்பு மிக மெதுவாகத் தொடங்கி, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து, அரை மணிக்கு ஒருமுறை சொட்டின் வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். பதினைந்து நாள் கழித்து இரண்டாம் முறை. அடுத்தது ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, மருத்துவர் கையைப் பார்த்து முடிவு செய்வார். மருந்தேற்றியவுடன் வலி பறந்துவிடுவதில்லை. நமக்குப் பலன் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. மெய்யான பொறுமைக்கு வேலை அங்கேதான் இருந்தது.

மருந்தேற்றும் அறையில் நாம் சந்தித்தவர்களை மறக்க இயலாது. மேல்விஷாரத்துப் பெரியவர் ஒருவர் தஸ்பீஹ் மணிகளை உருட்ட முடியாமல், உதட்டாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டிலில் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பெண்ணொருத்தி, முப்பத்திரண்டு வயதிருக்கும். இரண்டு ஆண்டுகள் தன் விரல் வீக்கத்தை மேற்பார்வையாளர் காணாதபடி மறைத்தாளாம். வேலை போய்விடுமென்ற அச்சம். வீட்டில் சொன்னால், ‘வேலைக்குச் சோம்பல்’ என்பார்களோ என்ற அச்சம். காலையில் பிள்ளைக்குத் தலைவார முடியாதபோது, ‘பொறுத்துக்கொள், எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே’ என்றாராம் மாமியார். நோய் தெரியவந்தபோது அவளுடைய வலக்கை விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. “இப்போது வலி குறைந்துவிட்டது, ஃபாதர். ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை” என்றாள். நமக்கும் அவளுக்கும் ஒரே நோய். நம் கையைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒருவர் இருந்தார். அவளுக்கு அந்த ஒருவர் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலும் செருப்பும் தைப்பவர்கள், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவர்கள் யாவரும் விரலால் உழைத்து உண்பவர்கள். அத்தகைய குடும்பங்களை நோக்கியே நாம் இதை வற்புறுத்துகிறோம். உங்கள் வீட்டில் எவருக்கேனும் இரு கைகளின் சிறு மூட்டுகளில் வீக்கம் கண்டு, காலை விறைப்பு அரைமணி, ஒருமணி என்று நீடித்து, ஆறு வாரமாகியும் அடங்காவிட்டால், அது சோம்பலும் அன்று, வயதும் அன்று. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு உடனே செல்லுங்கள். இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் தொடங்கி, மூட்டு வாத நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். புகைப்பவர்கள் புகையை விடுங்கள். இந்நோயைத் தூண்டுவனவற்றுள் அது ஒன்று.

நமக்கு நோய் முற்றும் நீங்கிவிடவில்லை, அடங்கியிருக்கிறது. பருவம் மாறும் சில நாட்களில் முழங்கால் மடங்காது. நிற்க இயலாத குரு அமர்ந்தபடியே திருப்பலி நிறைவேற்ற 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இடந்தருகிறது. மக்கள் முன்னிலையிலெனில் ஆயரின் அனுமதி தேவை. அவ்வனுமதியைப் பெற்று வைத்திருக்கிறோம். கைவீக்கம் மிகும் நாட்களில் உபதேசியார் அங்கியின் பொத்தான்களைப் போட்டுவிடுகிறார். பிறருக்குத் தொண்டு செய்வதே நம் வேலையென்று குருமடத்தில் கற்றோம். பிறருடைய தொண்டை முகங்கோணாமல் ஏற்பதும் அவ்வேலையில் அடங்கும் என்பதை இந்தப் பொத்தான்கள் கற்பித்தன.

சீராக்கின் ஞான நூல் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரிடமிருந்து வந்தனவாகவே காட்டுகிறது. ஆகவே மருந்துண்பது விசுவாசக் குறைவன்று. வலியை மறைத்துப் பல்லைக் கடித்திருப்பதில் பொறுமையைச் செலவிடாதீர்கள். பேருந்தேறி மருத்துவமனை வரிசையில் நிற்பதற்கும், மணிக்கணக்காகச் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும், பலன் தெரியுமுன்னரே அடுத்த வார மாத்திரையைத் தவறாமல் உண்பதற்கும் அது மிகுதியாக வேண்டியிருக்கிறது. நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் தாய்மார் காப்பிக் குவளையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். விரல் மடங்கவில்லையெனில், எவ்வளவு நேரமாக விறைத்திருக்கிறது என்று கேளுங்கள்.