ஐஸ் பெட்டியில் வந்த தலை

1984. கால்நடை நோய் ஆய்வகத்தில் வேலை. ஒருவர் நாயின் தலையை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். அவர் மகனைக் கடித்த நாய். மூளைத் துணுக்குக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். வெறிநோயின் அடையாளமான நெக்ரி துகள்கள் தென்படவில்லை.

"அப்போ ஊசியை நிறுத்திடலாமா சார்? தொப்புளைச் சுத்தி 14 ஊசி. பையன் தினம் அழறான்."

"கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. நிறுத்தாதீங்க" என்றேன்.

அதே மூளைக் கரைசலைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினோம். இரண்டு வாரம் கழித்து அவை நடுங்கிச் செத்தன. வெறிநோய்தான். நல்லவேளை, பையன் எல்லா ஊசியும் போட்டு முடித்திருந்தான்; பிழைத்தான்.

இன்று டி.ஆர்.ஐ.டி. என்றொரு சோதனை இருக்கிறது. விலையுயர்ந்த ஒளிர் நுண்ணோக்கி வேண்டாம். சாதாரண நுண்ணோக்கி போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு. அன்று அது என் மேசையில் இருந்திருந்தால், அந்த அப்பா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்.