பைபாஸும் ஒரு மொட்டை மாடியும்

பைபாஸ் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. நடக்கலாம், படிக்கலாம், மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். கார் ஓட்டக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். இந்த நிலைமையில் இருக்கிறவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை கொசுவத்தி சுத்துவதுதான். பொறுத்தருள்க மக்களே.

கொசுவத்தியைப் பற்ற வைத்தது எங்கள் பெரியப்பா. எண்பது வயசை நெருங்குகிற மனுஷர், கோவில்பட்டியில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். நெஞ்சில் இருந்த தையலைப் பார்த்தார். காலில் இருந்த நீளத் தையலையும் பார்த்தார். ஆற அமர காபியைக் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"படிக்கப் போறேன்னுட்டு பெங்களூர்ல ஆடுன ஆட்டம் கொஞ்சமால? இப்பம் வட்டியும் முதலுமா வசூல் ஆவுது."

தங்கமணி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது. பெரியப்பா வாய்விட்டுச் சொன்னார், பார்க்க வந்த மற்ற பாதிப் பேர் சொல்லாமல் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சரி, கணக்கு நோட்டைத் திறந்தே பார்த்துவிடுவோம்.

1990-லிருந்து 94 வரை. ஊரில் சீட் கிடைக்காதவர்கள் இன்ஜினியரிங் படிக்க கர்நாடகாவுக்கு மூட்டை கட்டிய காலம். நாங்கள் ஐந்து பேர். நான், ஒரு மதுரைக்காரன், ஹூப்ளிக்காரன், கிடார் வாசிக்கிற கொல்லத்து மலையாளி. அல்சூரில் நாங்கள் நாலு பேரும் எடுத்திருந்த வாடகை வீட்டில்தான் ஐந்தாமவனும் பாதி நாள் கிடப்பான். அவன் மல்லேஸ்வரத்துக் கன்னடப் பையன், சொந்த வீடு அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தும்.

ஆட்டம் நடந்த இடம் அந்த வீட்டு மொட்டை மாடி. ஊரிலிருந்து மணியார்டர் வந்த வாரம் பார்ட்டி. நாலு பொட்டலம் பிரியாணி, அஞ்சாவது ஆளுக்கு எல்லோர் பொட்டலத்திலிருந்தும் ஒரு பிடி, கடன் வாங்கிய டூ-இன்-ஒன், கொஞ்சம் பீர். 1992-ல் ரோஜா கேசட் வந்த பிறகு சண்டை ஆரம்பித்தது. மதுரைக்காரனுக்கு ராஜாவை விட்டால் ஆளில்லை, கொல்லத்தானுக்கு பிங்க் ஃப்ளாய்ட், மல்லேஸ்வரத்தானுக்கு ஹம்சலேகா. கையில் கூடுதலாகக் காசு இருந்தால் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பெகோஸ் போய், ஒரு பிட்சரை ஐந்து பேர் பங்கு போட்டு, போட்ட காசுக்கு மேல் உட்கார்ந்திருப்போம். பிறகு எம்.ஜி. ரோடு வழியாக ராத்திரி நடை, அல்சூர் வரைக்கும்.

வருகிற வழியில், ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை. 1991-ல் வைத்த சிலை, திறக்க விடாமல் மூடியே கிடந்தது. கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே எழுதியவர் மூடிக்குள்ளே இருப்பதால்தான் நாம் தைரியமாக இந்த வழியில் போகிறோம் என்று மதுரைக்காரன் சொல்வான். அந்தச் சிலை கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் திறந்தது. இப்போது அவர் கண் முன்னால்தான் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன், டாக்டர் சொன்னபடி. முறைக்கிற மாதிரி தெரியவில்லை :-)

இதுதான் ஆட்டம். இனி வசூலுக்கு வருவோம்.

52 நாடுகளில் எடுத்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. மாரடைப்புக்குக் காரணமாக அது வரிசைப்படுத்தியவற்றில் முதலில் நிற்பவை கெட்ட கொழுப்பும் புகையும். பின்னாலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மன உளைச்சல். அதே ஆய்வின் தெற்காசியக் கணக்கு 2007-ல் வந்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயசை ஒட்டி வந்தால், நம் ஆட்களுக்கு 53-லேயே வந்துவிடுகிறது. எனக்கு 52.

குடியை நல்லது என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது வேறு. எங்கள் அப்பா சொட்டுக் குடித்ததில்லை. பீடி, சிகரெட் இல்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. 50 வயசில், கடை திறக்கப் போனவர் திரும்பவில்லை. தூக்கி வந்தவர்களில் முதல் ஆள் இதே பெரியப்பா.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ரத்தத்தின் மேல் போட வேண்டியதில்லை. அவருக்கு மூன்று மகன்கள், ஐந்து பேரன்கள். அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "பெரியப்பா, அண்ணன்மார் மூணு பேரையும் ஒரு தடவை நெஞ்சு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பிடித்துக்கொண்டிருந்தார். "சொல்லுதேன்" என்றார்.

ஆபரேஷன் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நடு நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். மார்புக்குள் ஓடும் தமனி ஒன்றையும் காலில் எடுத்த சிரையையும் வைத்து அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போடுகிறார்கள். மார்புத் தமனி பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரை அவ்வளவு உழைக்காது. 1967-ல் கிளீவ்லண்டில் ஃபவலோரோ கால் சிரையை வைத்து இந்த முறைக்கு வழி போட்டார். இந்தியாவின் முதல் பைபாஸ் நடந்தது 1975-ல், நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே.எம். செரியன் கையால். அவர் 2025 ஜனவரியில் இதே பெங்களூரில்தான் காலமானார்.

மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சுக்குள் தவில் கச்சேரி. மானிட்டர் கத்துகிறது, துடிப்பு 150. டியூட்டி டாக்டர் ஓடி வந்து மருந்து ஏற்றினார். பைபாஸுக்குப் பிறகு நிறையப் பேருக்கு இந்தத் தாறுமாறான துடிப்பு வருமாம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடுமாம். அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். வாரக் கடைசியில் மூக்கு முட்டக் குடித்தவர்களுக்கும் இதே துடிப்பு வருமாம், 1978-லேயே அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். முப்பது வருஷம் கழித்து, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் எனக்கு அந்தப் பார்ட்டி இதயம்!

விடிகிற நேரத்தில் துடிப்பு அடங்கியது. வெளியே பெஞ்சில் அந்த நாலு ராத்திரியும் படுத்திருந்தது மல்லேஸ்வரத்துக்காரன். தங்கமணியைப் பகலில் மட்டும் வரச் சொல்லிவிட்டான். ஹூப்ளிக்காரனின் மகன் ரத்தம் கொடுத்தான். மதுரைக்காரன் சிங்கப்பூரிலிருந்து தினமும் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிட்டு, நடந்தாயா, எத்தனை அடி என்று மிரட்டுகிறான்.

பெஞ்சில் படுத்தவனைப் பற்றி ஒரு பழைய பாக்கி உண்டு. 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின, எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டே ஓடின. என்னையும் மதுரைக்காரனையும் இவன் ஸ்கூட்டரில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் இறக்கினான். வாசலில் வந்து கேட்டவர்களிடம் அவன் அம்மா "இவரு நம்ம ஹுடுகரு" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டு, உள்ளே வந்து எங்களிடம் "ஊட்டா ஆயித்தா?" என்றார். நாலு நாள் அங்கேதான் சாப்பாடு. மொட்டை மாடியில் ஒரு பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றிருக்காவிட்டால் அந்த ஸ்கூட்டர் வந்திருக்குமா?

தனிமையும் இதயத்தைத் தாக்கும் என்று அமெரிக்க இதய சங்கம் 2022-ல் அறிக்கை வெளியிட்டது. யாருமில்லாமல் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற அபாயம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாம். ஊரைவிட்டு வந்து, ஆபீஸ் வீடு ஆபீஸ் என்று ஓடுகிற நமக்கெல்லாம் சொன்ன மாதிரியே இருக்கிறது. பெரியப்பாவின் நோட்டில் செலவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது. வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டாமா?

ஐந்தாவது ஆளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கிடார்க்காரன் 44 வயசில் துபாயில், தூக்கத்திலேயே போய்விட்டான். ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் போனில் அழுதோம், அதோடு அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

இந்தத் தடவை அப்படி விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், பூங்கொத்து அனுப்பப் போகிறோம் என்றவர்களிடம், பூ வேண்டாம், ரிப்போர்ட் அனுப்புங்கடா என்றேன். கொழுப்பு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், டாக்டர் சொன்னால் டிரெட்மில். மதுரைக்காரனுக்கு எல்லாம் சரி. மல்லேஸ்வரத்தானுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற, எங்களில் கல் மாதிரி இருக்கிற ஹூப்ளிக்காரனுக்கு முக்கியக் குழாயில் 80 சதவீதம் அடைப்பு. வலி, மூச்சிரைப்பு எதுவுமே இல்லை. போன வாரம் ஸ்டென்ட் வைத்தார்கள்.

உங்களுக்கும் ஒரு மொட்டை மாடி இருந்திருக்கும். அங்கே உட்கார்ந்தவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் யார் யார், யார் வீட்டில் அப்பா சீக்கிரம் போனார் என்பது அவர்கள் மனைவிக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு ராத்திரி கூப்பிடுங்கள். பழைய கதை அரை மணி நேரம் பேசுங்கள், தப்பில்லை. போனை வைக்கிறதுக்குள் டெஸ்டுக்கு எந்தத் தேதி என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.